குஷன் அக்காவின் இரண்டாவது மருமகள்

அந்தத் தெருவில் கார்களுக்குச் செய்ய முடியாத வைத்தியம் இல்லை. முனையில் டிங்கரிங் பட்டறை, அடுத்து பெயிண்ட் அடிக்கிறவர்கள், பேட்டரிக் கடை, நடுவில் டயரும் வீல் அலைன்மெண்ட்டும். தெரு வளைந்து முடிகிற இடத்தில் குஷன் கடை. அதற்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு, யாரும் படித்ததாகத் தெரியவில்லை. குஷன் அக்கா கடை என்றால் போதும். அவளைவிடப் பத்து வயது மூத்த டிங்கரிங்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. அப்புறம், அக்கா என்று கூப்பிட்ட வாயால் ரொம்ப பேரம் பேச முடியாது என்று தெரிந்துகொண்டு விட்டுவிட்டாள்.

சின்ன வயதில் அவள் பை தைக்கிற கம்பெனியில் இருந்தாள். தடித்த நூல் வேண்டும் என்று ஒருவர் அங்கே அடிக்கடி வருவார். கார் சீட்டுக்கு இவ்வளவு நூல் எதற்கு என்று அவளுக்கு அப்போதே சந்தேகம். நூல் வாங்க வந்தவர் நூல் விட்டுப் பார்க்கிறார் என்று கொஞ்ச நாளில் புரிந்தது. அவளும் அதை அறுத்துவிடவில்லை.

மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவர் மாரடைப்பில் போய்விட்டார். கடையில் ஒரு வேன் சீட்டு பாதி தைத்தபடி கிடந்தது. கடையை வாடகைக்கு விடு, மெஷினை விற்றுவிடு என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "விடலாம், முதல்ல அந்தச் சீட்டை முடிச்சுக் குடுத்துட்டு வரேன்" என்று போனவள்தான். அந்தச் சீட்டு முடிந்ததும் இன்னொன்று வந்தது. இன்றுவரை முடித்துக்கொண்டே இருக்கிறாள்.

கார் என்பது அவளைப் பொறுத்தவரை ஒரு வீடு. அறைந்து சாத்தினால் கதவு "டங்" என்று கத்தக்கூடாது, "தொப்" என்று வாயை மூட வேண்டும். அப்படி மூட வைக்க என்னென்ன உண்டோ எல்லாம் அவள் கைவசம் இருந்தது. தரைக்குக் கீழே ஃபெல்ட் என்கிற தடித்த கம்பளிப் பட்டை, சீட்டில் இரட்டை ஃபோம், கதவுக்குள் ரப்பர் தகடு. தன்னுடைய சின்னக் காரையே அவள் இதற்குச் சாம்பிளாக வைத்திருந்தாள். யோசனையோடு நிற்கிற வாடிக்கையாளரை அதற்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்துவாள். தெருவின் சுத்தியல் சத்தம் சட்டென்று எங்கோ போய்விடும். உட்கார்ந்தவர் உள்ளேயிருந்தே தலையாட்டுவார். வியாபாரம் முடிந்தது.

மகனுக்கு மட்டும் அந்தக் கார் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தக் காருமே ஒத்துக்கொள்ளாது. பல் செட் செய்கிற லேபில் அவனுக்கு வேலை. நாள் முழுக்க அரிசி அளவுப் பற்களை அரத்தால் தேய்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பவன், காரில் ஏறினால் இரண்டாவது திருப்பத்தில் வெளிறிவிடுவான். ஒருமுறை அம்மாவின் காரை அலைன்மெண்ட் பார்க்கக் கொண்டுபோனவன், அந்தக் கொஞ்ச தூரத்துக்கே கதவைத் திறந்துகொண்டு ஓடி, சாக்கடையோரம் குனிந்துவிட்டான். அலைன்மெண்ட் பார்க்கிற பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "காருக்கு ஒண்ணும் இல்லை. உங்களுக்குத்தான் அலைன்மெண்ட் போயிருக்கு" என்றாள். அடுத்த மாதமும் அவன் காரைக் கொண்டுபோனான். அதற்கடுத்த மாதமும். நேராக ஓடுகிற காருக்கு மாதாமாதம் என்ன அலைன்மெண்ட் என்று அக்கா கேட்கவில்லை. நூல் வாங்கிய ஒருவரை அவளுக்குத் தெரியும்.

அப்படி வந்த மருமகள் ஒல்லியான, குட்டையான பெண். வாய் மட்டும் பெரிது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே, இப்போது விமானம் எதுவும் இறங்காத பழைய ஓடுதளத்தில், ஒரு கிளப் பந்தயம் நடத்தும். ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு காராகப் போய், யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். மருமகள் யார் யாருடைய காரையோ இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். கடைக்கு ஒரு வேன் வாங்கியதும் அக்கா தன் சின்னக் காரின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இனிமே இரவல் வேண்டாம். இது உன்னுது."

"அத்தை, உள்ளே கொஞ்சம் கழட்டிக்கலாமா?"

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தான்."

அடுத்த நாள் மத்தியானம் அலைன்மெண்ட் கடைப் பக்கம் போன அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின் சீட்டு, பக்கத்துச் சீட்டு, கார்ப்பெட், ஃபெல்ட், கதவுப் பலகைகள், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் சிமெண்ட் தரையில் வரிசையாகக் கிடந்தன. கார் வெறும் தகரமாக நின்றது. ஓட்டுகிற சீட்டுகூட அவள் தைத்தது இல்லை. எலும்புக்கூடு மாதிரி ஒரு ஃபைபர் நாற்காலி. அக்கா போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். "டங்."

திரும்பி நேராகத் தன் கடைக்குப் போய்விட்டாள். வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றுபோனது. "உப்பு வேணுமான்னு கேளு" என்பாள் ஒருத்தி மகனிடம். "வேண்டாம்னு சொல்லுங்க" என்பாள் மற்றவள். மகன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கிறது என்றான்.

"நீ செஞ்சது வெச்சா குடுமி, செரைச்சா மொட்டைங்கிற கதை" என்று மனைவியிடமும் சொல்லிப் பார்த்தான். "கொஞ்சம் ஃபெல்ட்டையாவது விட்டு வெச்சிருக்கலாம்."

கடைசியில் மருமகள்தான் இறங்கி வந்தாள். கடை வாசலில் நின்று, "கழட்டினதையெல்லாம் எடை போட்டேன் அத்தை. மொத்தம் எண்பத்தாறு கிலோ. அதுல உங்க கைவேலை மட்டும் நாற்பத்தொண்ணு" என்றாள்.

அக்காவின் கால் மெஷின் பெடலில் நின்றது. "நாற்பத்தொண்ணா?"

"நாற்பத்தொண்ணு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவளுக்கு அதை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு சின்னக் காருக்குள் நாற்பத்தொரு கிலோ வேலை. வெளியே ஒரு மடிப்பு தெரியாது. "பார்த்தா தெரியாது இல்ல?" என்றாள்.

"சத்தியமா தெரியாது. கழட்டக் கழட்ட வந்துக்கிட்டே இருக்கு."

அந்த ஞாயிறு அக்காவும் ஓடுதளத்துக்குப் போனாள். என்னத்தைக் கிழிக்கிறாள் என்று பார்க்கத்தான் என்று மகனிடம் சொன்னாள். நேர்ப் பாதையில் கார் அம்பாகப் பாய்ந்தது. அக்காவுக்கே உடம்பு சிலிர்த்தது. மூன்றாவது வளைவில் பின்பக்கம் திடீரென்று வெளியே பிடுங்கிக்கொண்டு, கார் தன்னைத்தானே சுற்றி, நான்கு கூம்புகளை உதைத்துவிட்டு, வந்த வழியைப் பார்த்து நின்றது. இரண்டாம் முறையும் அதே இடம், அதே சுற்று. கொடி பிடிக்கிற ஆள், "இன்னிக்கு ரெண்டு டான்ஸ்!" என்று கத்தினான். நிழலில் நின்ற கூட்டம் சிரித்தது. அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

மருமகள் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு?"

"தலைக்கனம் அத்தை."

"நான் உன்னை ஒண்ணும் சொல்லலையே."

"எனக்கில்லை, காருக்கு." அவள் ஒரு கூம்பைப் படுக்கப் போட்டுக் காட்டினாள். "இன்ஜின், கியர்பாக்ஸ், பேட்டரி எல்லாம் முன்னாடி. இழுக்கிறதும் முன் சக்கரம், திரும்புறதும் முன் சக்கரம். பின் சக்கரம் சும்மா கூடவே வருது. நான் கைக்கு எட்டினதையெல்லாம் கழட்டினேன். அதுல முக்கால்வாசி பின்னாடி இருந்தது. மொத்த எடை குறைஞ்சுது, ஆனா இருக்கிற எடையில தலைப்பக்கத்துப் பங்கு கூடிப்போச்சு. வளைவுல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து பட்டுனு காலை எடுத்தா பாரம் மொத்தமும் முன்னாடி சாயுது. வால் லேசாகி, தரையை விட்டுடுது."

"அப்போ காலை எடுக்காதே."

"எடுக்கக்கூடாதுன்னு தெரியும். சீட்டுல வழுக்குதே. உடம்பு ஒரு பக்கம் போனா கால் தானா வந்துடுது."

அன்று சாயங்காலம் படியேறும்போது மருமகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறுவதை அக்கா பார்த்தாள். அறைக்குள் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். ஃபைபர் விளிம்பு இடித்து இடித்து, கத்திரிப்பூ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

"மாமியார் கொடுமைன்னு ஊர் பேசவா இது?" என்றாள் அக்கா. "நாளைக்கு அந்த நாற்காலியைக் கடைக்குக் கொண்டு வா. எவ்வளவு கனம் வைக்கலாம்?"

"இருநூறு கிராம்."

"இருநூறு கிராம்ல தலையணை உறைகூட வராது. ஒரு கிலோ."

"அத்தை! முந்நூறு."

"எழுநூறு. நூல் ஃப்ரீ."

"நானூறு. நூலும் சேர்த்து."

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து போடு, இன்னும் போடு என்றே பழகிய கை அது. முதல் தடவையாக அவள் எங்கே போட வேண்டாம் என்று யோசித்தாள். மருமகளை நாற்காலியில் உட்கார வைத்து, சுண்ணக்கட்டியால் உடம்பு படுகிற இடங்களைக் குறித்தாள். இடுப்பின் இரு பக்கம், தோளுக்குக் கீழே, தொடைக்கு வெளியே. மற்ற இடமெல்லாம் வெறுமையாக விட்டாள். ஒவ்வொரு ஃபோம் துண்டையும் நுனியில் கூராகச் சீவி, தராசில் வைத்து, எடுத்து, மறுபடி சீவினாள். முந்நூற்றெண்பது கிராமில் முடிந்தது. மருமகள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்தாள். ஆட முடியவில்லை.

அடுத்தது எடை சரிபார்க்கிற வேலை. கிளப்பிலிருந்து நான்கு எடைப் பலகைகளை இரவல் வாங்கி வந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார்கள். நான்கு சக்கரமும் எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்து, ஸ்பிரிங்கின் கீழே இருக்கிற வளையத்தைத் திருகி ஏற்றி இறக்க வேண்டும். எதிரெதிர் மூலைச் சக்கரங்களை ஜோடியாகக் கூட்டி, இரண்டு ஜோடியும் சமமாக வந்தால் கார் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பும். "கட்டில் ஆடினா காலுக்கு அடியில அட்டை வைக்கிறோமே, அதுதானே?" என்றாள் அக்கா. அதேதான். ஆனால் ஓட்டுகிறவள் சீட்டில் இருக்கும்போது பார்த்தால்தான் கணக்கு சரி. ஓட்டுகிறவளே காருக்கடியில் படுத்து வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தால் சீட்டில் யார் உட்காருவது? அக்கா அந்த நாற்காலிக்குள் நுழையவே முடியாது. மகன் நிற்கிற காரிலேயே கண்ணை மூடிக்கொள்கிறவன். எடையும் எழுபதுக்கு மேல்.

"உன் எடை என்ன?" என்று கேட்டாள் அக்கா.

"ஐம்பத்திரண்டு. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அதுதான்."

அக்கா கான்வாஸை வெட்டினாள். உடம்புக்கு ஒரு பை, இடுப்புக்கு ஒன்று, கைகால்களுக்கு நீளமாக நான்கு, தலைக்கு உருண்டையாக ஒன்று. கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து மணல் வாங்கி நிரப்பினாள். மேலே மிச்ச ரெக்ஸின். உடம்பு கறுப்பு, ஒரு கால் சிவப்பு, ஒரு கால் பழுப்பு. கடைசிக் கைப்பிடி மணலைத் தராசில் பார்த்துப் போட்டு வாயைத் தைத்தாள். சரியாக ஐம்பத்திரண்டு கிலோ. இரண்டு பேர் தூக்கி வந்து கடை நாற்காலியில் உட்கார வைத்தபோது, உள்ளே வந்த பேட்டரிக் கடைக்காரர் "வணக்கம்மா" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் முழித்தார். மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி: குஷன் அக்காவுக்கு இரண்டாவது மருமகள் வந்தாச்சு.

"எதிர்த்துப் பேசாது, காரைப் பிரிக்காது" என்றாள் அக்கா. "மூத்தவள் பார்த்துக் கத்துக்கட்டும்."

"சமைக்குமா?" என்றான் மகன்.

"மூத்தவ சமைக்கிறாளா?"

இரண்டாவது மருமகளைச் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டு, மூத்தவள் காருக்கடியில் புகுந்து அரை நாள் திருகினாள். பேட்டரியை முன்பக்கத்திலிருந்து கழற்றி, பின் சீட்டு இருந்த இடத்தில், ஓட்டுகிற பக்கத்துக்கு எதிர்மூலையில், ஒரு பெட்டிக்குள் இறுக்கி வைத்தாள். வாலைத் தூக்கிய கோழி மாதிரி நின்ற கார் மெல்லப் படிந்தது. எண்கள் சரியாக வந்ததும், பொம்மையை இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தாள், ஒருமுறை பார்த்துவிடலாம் என்று.

மகன் எடைப் பலகையின் திரையைப் படித்தான். "நாலு கிலோ குறையுதே."

"மறுபடி பாரு."

"மறுபடியும் நாலுதான். பலகை ரிப்பேரோ?"

பொம்மையை ஏற்றினார்கள். எண்கள் பழைய இடத்துக்கு வந்தன. மூத்தவளை ஏற்றினார்கள். மறுபடி நான்கு கிலோ குறைந்தது.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. மருமகளின் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே தட்டில் பாதியை "அப்புறம் சாப்பிடறேன்" என்று மூடி வைப்பது, வேலை இருக்கிறது என்று மத்தியானம் வராமல் இருப்பது, எல்லாம் இப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தது.

"இறங்கு" என்றாள். "காலையில என்ன சாப்பிட்டே?"

"டீ."

"நேத்து ராத்திரி?"

மருமகள் பெல்ட்டின் கொக்கியைத் தடவிக்கொண்டிருந்தாள். "இன்ஜினைத் தொடக்கூடாதுன்னு எங்க பிரிவுல விதி அத்தை. எடையைக் குறைக்கிறது ஒண்ணுதான் வழி. இப்போ கழட்ட எதுவும் இல்லை. ஒரு கிலோவுக்கு ஒரு நாள் முழுக்க அலைய வேண்டியிருக்கு. இது சும்மா குறையுது."

"சும்மாவா?" அக்காவின் குரல் டிங்கரிங் பட்டறை வரை கேட்டது. சுத்தியல் நின்றது. "அவர் போனப்போ நானும் சாப்பிடாம கிடந்தேன். மெஷின்ல உட்கார்ந்தவ அப்படியே சரிஞ்சேன். ஊசி விரல்ல இறங்கி நின்னுச்சு. இவன்தான் எடுத்தான், பள்ளிக்கூட டிரஸ்ஸோட. அது நின்ன இடத்துல ஓடுற மெஷின். நீ ஓட்டுறது கார். வளைவுல தலை சுத்தினா ஸ்டியரிங்கை யார் பிடிப்பா, இவளா?" பொம்மையின் சிவப்புக் காலை ஒரு தட்டுத் தட்டினாள். "கதவைக் கழட்டு, பம்பரைக் கழட்டு, ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். உடம்பு உன்னுதுதான். ஆனா இந்த வீட்டுச் சாப்பாடு என்னுது. அதுல கை வைக்காதே."

மருமகளின் கண் நிறைந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

அக்காவின் குரல் இறங்கிப்போனது. "நாலு கிலோதானே வேணும்? நான் தரேன். நாளைக்குக் காலையில காரை என் கடைக்குக் கொண்டு வா. டேஷ்போர்டைக் கழட்டி வை. முதல்ல வந்து சாப்பிடு."

மறுநாள் டேஷ்போர்டு கழன்ற காருக்குள் அக்கா மண்டியிட்டாள். இன்ஜினுக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவில் உள்ள தகரச் சுவரில் கம்பெனி ஒட்டிய பட்டை தெரிந்தது. அதன் ஓரத்தில் கத்தியை விட்டு நெம்பினாள். பின்னால் இன்னொரு பட்டை, தைத்து, பசை போட்டு ஒட்டியது. அதற்கும் பின்னால் இன்னொன்று.

"இது எப்போ வெச்சீங்க?" என்றாள் மருமகள்.

"இவன் காலேஜ் போறப்போ. தினம் கூட்டிட்டுப் போவேன், தினம் வாந்தி. இன்ஜின் இரைச்சல்தான் ஒத்துக்கலைன்னு எனக்கு ஒரு நினைப்பு. முன்னாடியிருந்து சத்தமே வரக்கூடாதுன்னு அடைச்சேன். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா எல்லாரும் அதே விலைக்கு இதையும் கேட்பாங்க."

மகன் வாசலில் நின்றான். "எனக்காகவா?"

"ஆமா. அப்படியும் நீ வாந்தி எடுத்தேதானே."

தன் தையலைத் தானே பிரிப்பது எளிதாக இல்லை. நல்ல தையல் அது, கத்திக்கு மசியவில்லை. ஓரிடத்தில் அக்கா நிறுத்தி, நூலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அறுத்தாள். கால் வைக்கிற இடத்துக்கு அடியிலிருந்தும், பானெட்டின் உட்புறத்திலிருந்தும் எடுத்துப் போட்டாள். ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிப் பட்டைகள் கனத்திருந்தன. தராசு ஏழு கிலோவைத் தாண்டியது.

மருமகள் எண்ணை நம்பாமல் குனிந்து பார்த்தாள். "ஏழு கிலோ! அதுவும் முன்னாடி! அத்தை, இது தங்கம்."

"அப்போ நாலு போக மிச்சம் மூணு. அதுக்கும் சேர்த்துச் சாப்பிடு."

அந்த ஞாயிறு மூன்றாவது வளைவில் காரின் வால் மறுபடியும் கொஞ்சம் வெளியே வந்தது. ஓரத்தில் நின்ற அக்கா மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உள்ளே இருந்தவள் வழுக்கவில்லை, காலையும் எடுக்கவில்லை. கார் ஒரு நொடி யோசித்துவிட்டு, முன் சக்கரம் இழுத்த பக்கமே நேராகிப் போய்விட்டது. ஒரு கூம்பும் விழவில்லை. அவளுக்கு நான்காவது இடம். முதல் மூன்று பேருக்குத்தான் கோப்பை, அவளுக்குக் கைகுலுக்கல். அவளோ ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடி வந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். அக்காவின் மூக்கில் ஹெல்மெட் நன்றாக இடித்தது.

அதற்குப் பிறகு குஷன் கடைக்குப் புது மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கிளப்காரர்கள். இரண்டாவது மருமகளை ஒரு வாரத்துக்குக் கொடுக்க முடியுமா என்று, பெண் கேட்டு வருகிறவர்கள் மாதிரி பவ்யமாக உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்புவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டு, ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்தி, அவரவர் எடைக்கு ஆளுக்கொன்று தைத்துக் கொடுத்தாள். கிராம் கணக்கில் சீட்டும் தைத்தாள். மெத்தென்று வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பழையபடி இரட்டை ஃபோம். இரண்டு வேலைக்கும் ஒரே விலை சொன்னாள். "எடுக்கிறதுக்கும் உழைப்பு இருக்குல்ல?" என்றாள், புருவத்தைத் தூக்கியவரிடம்.

ஒருநாள் மத்தியானம் மருமகள் கடைக்கு வந்து, தட்டை மீதமில்லாமல் காலி செய்துவிட்டு, சுவரோரம் அடுக்கியிருந்த ஃபோம் சுருள்கள் மேல் சாய்ந்தாள். அஞ்சு நிமிஷம் என்றாள். வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். அக்கா கையில் ஒரு வேன் சீட்டு உறை பாதியில் இருந்தது. மெஷினை ஓட்டினால் கட்டடமே அதிரும். அவள் உறையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வளைந்த ஊசியில் நூல் கோத்துக் கையால் தைக்க ஆரம்பித்தாள்.

வேன்காரர் வாசலில் வந்து நின்று, "அக்கா, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா?" என்றார் சத்தமாக.

அக்கா உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே கையைக் காட்டிவிட்டு, மெதுவாக, "நாளைக்கு வாங்க" என்றாள்.